இலக்கம் சொல்லக் கூடாத கிளினிக்

இந்தப் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், ‘அந்தக் காலத்து அனுபவம் கொஞ்சம் சொன்னால் போதும்’ என்றார்கள். அதாவது, தேநீர் வரும் வரைக்கும். சரி, தேநீர் வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

உங்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு டப், அந்தத் தொடுதிரைக் கணினி, இருக்கிறது. குச்சவெளியில் ஒரு வயதானவர் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தால் அவருடைய பிரசர் உங்கள் திரையில் பச்சையிலோ சிவப்பிலோ வந்து நிற்குமாம். புல்மோட்டையில் இருக்கிற கர்ப்பிணித் தாயோடு முகம் பார்த்துப் பேசலாமாம். நோயாளியைத் தொடாமல் தூரத்தில் இருந்து பார்க்கிற வைத்தியம் திருகோணமலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். நானும் நன்றாகக் கைதட்டினேன். ஓய்வு பெற்றவர்கள் கைதட்டினால்தான் மைக்கைக் கையில் தருவார்கள்.

உண்மையைச் சொன்னால், சண்டைக் காலத்தில் என் நோயாளிகளில் ஒரு பெரிய பங்கின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், வெருகல் ஆற்றங்கரையில் இருந்தார்கள். நான் இந்தப் பக்கம், துறைமுகம் தெரிகிற ஒரு மேல்மாடி அறையில் இருந்தேன். நடுவில் கடல், இரண்டு மூன்று சோதனைச் சாவடிகள், ஒரு சண்டை. தெற்கே போகிற பாதை மூடிக் கிடந்தது. ரெலிபோன் கம்பங்களைப் பிடுங்கிப் பங்கருக்குக் கூரை போட்டிருந்தார்கள். வெருகல் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் டொக்டர் கிடையாது. தங்கராசா என்று ஒரு உதவி மருத்துவ அதிகாரி இருந்தார். ஊர் அவரை ‘அப்போதிக்கரி ஐயா’ என்றது. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, ஷெல் காயம், பல்லுக்கொதி எல்லாம் அவர் தலையில்தான்.

ஒரு நிவாரண அமைப்பு, பேசவும் கேட்கவும் கூடிய இரண்டு வானொலிச் செற் தந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. தினமும் காலையில் வார்ட் சுற்று முடிந்ததும் செற் கிளினிக். அவர் நோயாளியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு விபரம் சொல்லுவார். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவேன். இந்த வேலையை எனக்குத் தந்தது என் திறமையைக் கண்டு அல்ல. மற்ற டொக்டர்மார் ஒரு பெட்டியைப் பார்த்து ‘ஓவர், ஓவர்’ என்று கத்த வெட்கப்பட்டார்கள். நான் புதிதாக வந்தவள். புதிதாக வந்தவர்களுக்கு வெட்கப்பட நேரம் கொடுப்பதில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

நோயாளியின் அந்தரங்கம் பற்றி நேற்று உங்களுக்கு ஒரு முழு நாள் வகுப்பு நடந்ததாம். எங்கள் கிளினிக்கை யார் யார் கேட்டார்கள் என்று சொல்லுகிறேன். துறைமுகத்து இராணுவக் காம்பில் ஒரு கோப்ரல் இதற்கென்றே காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கத்தில் இயக்கத்துப் போராளிகள் கேட்டார்கள். செற் இரைகிறது என்று தங்கராசா சத்தத்தைக் கூட்டி வைப்பார், ஆகவே ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்த சனம் எல்லாம் கேட்டது. பேச்சுக்கு ஒரு நோயாளி, கேட்பதற்கு ஒரு மாவட்டம்.

அதில் நன்மையும் இருந்தது என்று சொல்ல வேண்டும். சீனி வருத்தம் உள்ள ஒரு கிழவர், மருந்து எடுக்கிறேன், இனிப்பைத் தொடுவதில்லை என்று செற்றில் சத்தியம் பண்ணுவார். ‘அவருக்கு இனிப்பே கூடாது’ என்று நான் ஒருநாள் கொஞ்சம் சூடாகச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு தேநீர்க் கடைக்காரன் அவருக்குச் சீனி போட மறுத்தான். முருகன் கோயிலில் பூசகரே சர்க்கரைப் புக்கையை அவருக்குக் கொடுக்காமல் கையை மடக்கிக்கொண்டார். கிழவர் செற்றில் வந்து, “டொக்டர், எனக்குச் சீனி வருத்தம் எண்டு சாமிக்கும் சொல்லிப்போட்டியளோ?” என்று கேட்டார். உங்கள் டப்பில் இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனால் தொடங்கிய இரண்டாவது கிழமையிலேயே காம்பில் இருந்து ஜீப் வந்தது. நான் யாரோ ஒருவருடைய பிரசரை இலக்கத்தில் சொல்லியிருந்தேன். கப்டன் என்னைக் கூப்பிட்டுக் கதிரை தந்தார். மரியாதையான மனிதர். அந்த இலக்கம் என்ன என்று கேட்டார். ஒரு தாத்தாவின் பிரசர் என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, அவருடைய ஆட்கள் அதற்குள் அந்த இலக்கத்தை வரைபடத்தில் வைத்துத் தேடியிருந்தார்கள். அது நடுக் கடலில் விழுந்ததாம். கடலில் யாரைச் சந்திக்கச் சொன்னீர்கள் என்று கேட்டார். தாத்தாவுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னேன் என்றேன்.

அன்றைக்கு ஒரு விதி பிறந்தது. செற்றில் பெரிய இலக்கம் பேசக் கூடாது. ‘இரண்டு குளிசை’ என்று மாத்திரைக் கணக்குச் சொல்லலாம். கைவிரலுக்கு மேலே போனால் செற்றை எடுத்துவிடுவார்கள். பிரசரை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வார்த்தையில் சொல்லுங்கள் என்றார் கப்டன். அவர் முன்னாலேயே மூன்று வார்த்தை முடிவு செய்தோம்: ‘சாதாரணம்’, ‘கவனம்’, நகரத்துக்கு எடுக்க வேண்டிய ஆளென்றால் ‘அனுப்புறம்’. கப்டன் மூன்றையும் தன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். உங்கள் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் அதைக் காம்பில் வைத்தே கண்டுபிடித்துவிட்டோம்.

தங்கராசாவின் குரல் கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்கிற குரல். “வணக்கம் டொக்டர், வெருகலிலை இருந்து உங்கடை தங்கராசா” என்றுதான் தொடங்குவார். இன்ன நோயாளி, இன்னார் மகள், இன்ன வருத்தம் என்று ஒரு பாட்டாகவே போகும். அந்தப் பாட்டில் ஒரு பெயர் தினமும் வரத் தொடங்கியது. வசந்தி.

வசந்தி ஒரு கடற்தொழிலாளியின் மனைவி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைக் கடைசி மாதத்தில் வயிற்றிலேயே இழந்தவள். இது மூன்றாவது. பிரசர் கூடுகிற பேர்வழி. அவளைக் கடைசிவரை அங்கேயே வைத்திருப்பதா, முன்கூட்டியே நகரத்துக்கு எடுப்பதா என்பதுதான் எங்கள் கேள்வி. உங்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை, அம்புலன்ஸ் வரும். எங்களுக்கு ஒரு நோயாளியை எடுப்பதென்றால் ட்ராக்டரில் மூதூர் இறங்குதுறை, அங்கிருந்து லோஞ்ச் படகில் விரிகுடா, அதற்கு முன்னும் பின்னும் சோதனை. பெண்களை விட்டுவிடுவார்கள். கூட வருகிற இளம் ஆண்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

வசந்தியைப் பற்றி முதலில் ‘சாதாரணம்’ வந்தது. பிறகு ‘கவனம்’ வந்தது. நான் குளிசையைக் கூட்டினேன், படுக்கச் சொன்னேன், உப்பைக் குறைக்கச் சொன்னேன். அடுத்த நாளும் “கவனம், டொக்டர். ஆள் தெம்பாய் இருக்கிறா.” அதற்கடுத்த நாளும் “கவனம், டொக்டர். ஆள் தெம்பாய் இருக்கிறா.” நான் நிம்மதியாக இருந்தேன். மோசமாகவில்லைத்தானே.

எங்கள் மகப்பேற்றுப் பகுதியில் ஒரு பெரிய டொக்டர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபிப்பார். உயிரோடு இல்லை, ஆனாலும் கோபிப்பார். வாழ்க்கையில் ஒரு தரமும் செற் அறைக்கு ஏறி வராதவர். அது பொம்மை விளையாட்டு என்று சொல்லித் திரிந்தவர். ஒரு காலையில் வார்ட்டில் கை கழுவிக்கொண்டே, “உம்மட வெருகல் பெட்டை என்ன மாதிரி?” என்று கேட்டார்.

“அப்பிடியே இருக்கிறா, சேர். ஒவ்வொரு நாளும் கவனம் எண்டுதான் வருது. மாற்றமில்லை.”

கையைத் துடைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி மாற்றமில்லாமல் இருக்கிறாவோ? எங்கை, எனக்கும் ஒருக்கால் காட்டும் பாப்பம்.”

நான் செற் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன், அவர் அதை வாங்கவில்லை.

“நோயாளி ஒருநாளும் நேற்று மாதிரி இருக்க மாட்டா, பிள்ளை. சொல்லுறது மட்டும் நேற்று மாதிரியே இருந்தால், அது நோயாளியைப் பற்றின கதை இல்லை. சொல்லுறவனைப் பற்றின கதை.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இவ்வளவு காலத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்த பாடங்களில் இதுதான் பெரியது. கை கழுவுகிற நேரத்தில் கிடைத்தது. உங்கள் திரையில் ஒரு நோயாளியின் கோடு நாட்கணக்கில் நேராகப் போனால் ‘ஸ்டேபிள்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். யார் அந்தக் கோட்டைப் பிடித்து நேராக வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்றைய செற் கிளினிக்கில் நான் மற்ற நோயாளிகளைத் தள்ளிவிட்டு வசந்தியை முதலில் கேட்டேன்.

“கவனம், டொக்டர். ஆள் தெம்பாய்...”

“தங்கராசா, அவ இப்ப உங்களுக்குப் பக்கத்திலையோ?”

“ஓம். இஞ்சை வாங்கிலை இருக்கிறா.”

“தலையிடி இருக்கோ எண்டு கேளுங்கோ.”

கொஞ்சம் இரைச்சல். “இல்லையாம்.”

“நான் அவவைக் கேக்கேல்லை இப்ப. உங்களைக் கேக்கிறன். தலையிடி இருக்கோ?”

தங்கராசா மௌனமாக இருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. விறாந்தையில் எவ்வளவு சனம் இருந்திருக்கும், கோப்ரல் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்றெல்லாம் பிறகுதான் யோசித்தேன்.

“தங்கராசா, இண்டைக்குக் காலமை அளந்த பிரசர் எவ்வளவு?”

“டொக்டர், இலக்கம் சொல்ல ஏலாதெல்லே.”

“தெரியும். சொல்லுங்கோ. என்ரை பொறுப்பு.”

இடையில் கோப்ரல் நுழைந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். “டொக்டர் மிஸ், இலக்கம் வேண்டாம், இலக்கம் வேண்டாம்” என்றார். மிரட்டலாக இல்லை. கெஞ்சலாகத்தான் இருந்தது.

“சொல்லுங்கோ, தங்கராசா.”

“நூற்றி எண்பது” என்றார் அவர். திருவிழாக் குரல் எங்கேயோ போய்விட்டது. “கீழை நூற்றி இருபது. சிறுநீரைச் சூடாக்கினால் அப்பிடியே திரையுது. நேற்றைக்கு இருந்து தலையிடி. இண்டைக்குக் கண்ணும் மங்குதாம்.”

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த இலக்கத்தைக் கேட்டால் எந்த டொக்டரும் கதிரையை விட்டு எழும்புவார். நானும் எழும்பித்தான் மிச்சத்தைப் பேசினேன். கையில் இருக்கிற ஊசியைப் போடுங்கள், ட்ராக்டரை எடுங்கள், வெயில் படாமல் படுக்க வைத்துக் கொண்டுவந்து மூதூரில் இறக்குங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது, மிச்சம் என்பது லோஞ்ச். அன்றைய லோஞ்ச் போய் முடிந்துவிட்டது. நிவாரணப் படகைத் தனியாக ஓடவிட வேண்டும் என்றால் அனுமதி தர வேண்டியவர் கப்டன். அவருடைய விதியை நான் கொஞ்ச நேரத்துக்கு முதல்தான் அவருடைய கோப்ரலின் காதுக்குள்ளேயே மீறியிருந்தேன்.

ஜீப் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஓட்டோ பிடித்துக் காம்புக்கு நானே போனேன். குற்றவாளி தானாக வந்து வாசலில் இறங்கியதில் காவலுக்கு நின்றவனுக்கே குழப்பம். கப்டன் வழமைபோல் கதிரை தந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

“டொக்டர், இன்று நீங்கள் பெரிய இலக்கம் பேச வைத்திருக்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“இது வரைபடத்தில் எங்கே விழும் என்று தேடச் சொல்லியிருக்கிறேன்.”

“வெருகலில் ஒரு பெண்ணின் மேல் விழுந்திருக்கிறது. படகை விடாவிட்டால் பின்னேரத்துக்குள் இரண்டு உயிர் போகும்.”

அவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கெட்டவராக இருந்தால் கோபப்பட்டு விட்டுப் போகலாம். விதியை மீறிய செற்றுக்குப் பரிசாகப் படகு கொடுத்தீரா என்று நாளைக்குத் தன் மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்றுதான் அவர் யோசித்தார். நம் திணைக்களத்தில் நானும் நீங்களும் யோசிக்காத யோசனையா அது? அவருக்குத் தேவைப்பட்டது அனுதாபம் இல்லை, மேலே சொல்வதற்கு ஒரு பதில். நான் அந்தப் பதிலைக் கொடுத்தேன்.

“செற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விதியை மீறினார்கள், செற்றைப் பறித்தோம் என்று சொல்லுங்கள். படகு வேறு விஷயம், அதை விடுங்கள்.”

கப்டன் பேனையை மேசையில் வைத்தார். “அப்படியென்றால் உங்கள் மற்ற நோயாளிகள்?”

நான் கேட்க வேண்டிய கேள்வி. இராணுவம் கேட்டது. ட்ராக்டரில் ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி நாளைக்குப் பேசுவோம் என்றேன். அவர் தொலைபேசியை எடுத்தார்.

படகில் வரும்போதே வசந்திக்கு ஒரு தரம் வலிப்பு வந்தது. கூட அவளுடைய தாயும் மருத்துவிச்சியும் வந்தார்கள். புருஷன் வரவில்லை. தங்கராசா அவனை ஆஸ்பத்திரி அறையில் விட்டுப் பூட்டியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரிய டொக்டர் இறங்குதுறைக்கே வந்து நின்றார். ‘பொம்மை விளையாட்டு’ என்ற ஆள். உடனே சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு பெண் பிள்ளை, எலிக்குஞ்சு மாதிரி. இரண்டு பேரும் பிழைத்தார்கள். நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். பெரிய டொக்டர், அழுகிறதென்றால் வெளியே போய் அழும், இஞ்சை இடமில்லை என்றார்.

கொஞ்சம் தேறியதும் வசந்தி என்னைக் கூப்பிட்டாள். தங்கராசாவின் குரல் வழியாக மாதக்கணக்காகப் பேசியவர்கள், அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினோம்.

“டொக்டர், அப்போதிக்கரி ஐயாவை ஏசாதேங்கோ. நான்தான் காலிலை விழுந்தனான்.”

“ஏனம்மா? ரெண்டு பிள்ளையை இழந்தனீங்கள்தானே.”

“அனுப்புறம் எண்டு அவர் செற்றிலை சொன்னால் ஊருக்கே கேக்கும். இவருக்கும் கேக்கும். என்னைத் தனிய விடமாட்டன், கூட வருவன் எண்டு நிண்டவர். வந்தால் விடமாட்டாங்கள். பிள்ளையோ, இவரோ எண்டு எனக்குத் தெரியேல்லை டொக்டர். ஒண்டும் தெரியாமல்தான் தெம்பாய் இருக்கிறன் எண்டு சொன்னனான்.”

தங்கராசா பொய் சொல்லவில்லை. ‘கவனம்’ என்பது உண்மைதானே. கப்டனும் நானும் சேர்ந்து செய்த அந்தச் சின்ன வார்த்தைக்குள் ஒரு மனிதன் தன் இரக்கத்தையும் ஒளித்து வைக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாமல் போனது. பட்டி பொய் சொல்லாது என்று இன்றைக்கு உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சரி, பட்டி பொய் சொல்லாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து மருமகளின் கையில் பட்டியைக் கட்டிவிட்டுப் படுத்திருக்கிற மாமியாரை நீங்கள் இந்த வருடத்துக்குள் சந்திப்பீர்கள். அப்போது அவவை ஏசாதீர்கள். எதற்குப் பயப்படுகிறா என்று கேளுங்கள்.

பிள்ளை பிறந்த செய்தியைப் புருஷனுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் செற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கராசாவின் செற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கட்டளை. மறுநாள் வழமையான கிளினிக் நேரத்தில் கோப்ரல் தன் சொந்த யோசனையில், தன் உடைந்த தமிழில், “வெருகல், வெருகல், பொம்பிளைப் பிள்ளை, அம்மா நல்லம்” என்று மூன்று தரம் காற்றில் சொன்னாராம். செற் நிறுத்தியிருந்தபடியால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வசந்தி பிள்ளையோடு திரும்பிப் போய் இறங்கியபோது, புருஷன் பெண் பிள்ளைக்கான பெயரையே தெரிந்தெடுத்து வைத்திருந்தான்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஏற்பாட்டாளர்களும் அதைத்தான் விரும்புவார்கள், தேநீரும் வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு நான் மிச்சத்தையும் சொல்லக் கடமைப்பட்டவள்.

நாளைக்குப் பேசுவோம் என்று கப்டனிடம் சொன்னேனே, அந்த நாளை வரவில்லை. போய்க் கேட்டேன், எழுதிக் கேட்டேன். நிவாரண அமைப்பும் கேட்டது. கப்டனை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்குக் கதிரை தருகிற பழக்கமும் இல்லை. மேல்மாடி அறையில் பழைய கட்டில்களைப் போட்டு அடுக்கினார்கள்.

மாதங்கள் போயின. சுகாதாரக் கூட்டம் ஒன்றில் ஒரு அதிகாரி எழும்பி, வெருகல் பக்கத்தில் இருந்து வரும் அவசர நோயாளிகள் பூச்சியமாகக் குறைந்திருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு வாசித்தார். முன்னேற்றம் என்றார். தலைகள் ஆடின. நான் எழும்பி, அங்கே நோய் குறையவில்லை, நோயைச் சொல்ல வழிதான் இல்லை என்றேன். கூட்டம் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது. பிறகு அடுத்த விடயத்துக்குப் போனது, நுளம்பு ஒழிப்பு.

திரை நிறையப் பச்சையாக இருக்கிற நாளில்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். அப்போது டப்பை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். பெரிய டொக்டர் யாரிடமோ சண்டை பிடித்து அனுமதி எடுத்துத் தந்தார். லோஞ்ச், சோதனை, ட்ராக்டர், மறுபடி சோதனை. வெருகல் ஆஸ்பத்திரி விறாந்தையில் சனம் நிறைந்து நின்றது. நோயாளிகள் பாதி, குரலைப் பார்க்க வந்தவர்கள் பாதி. “டொக்டர் இன்னும் உயரமாய் இருப்பா எண்டெல்லே நினைச்சம்” என்று ஒரு கிழவி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

தங்கராசா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செற் போன பிறகு ஒரு தாய் செத்துப் போனா என்றார். வசந்தியின் வருத்தம்தான், அதே மாதிரித்தான். தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்ததாகவும், படகுக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் அன்று முழுக்க அந்தச் செத்த செற்றுக்கு முன்னால் போய்ப் போய் நின்றதாகவும் சொன்னார். பிள்ளையும் தங்கவில்லை. “புருஷன் வரிசையிலை நிக்கிறார், டொக்டர். நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றார்.

நான் திரும்பி வந்து கதிரையில் இருந்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அந்த மனிதரின் முறை வந்தது. மெலிந்த ஆள், கொஞ்சம் தள்ளி ஒரு ஊர்க்காரர், நாலு நாள் தாடி. வாங்கில் இருந்தபடி என்னைப் பார்த்தார்.

“டொக்டர், ஒண்டு கேக்கலாமோ? அந்த செற் ஏன் நிண்டது?”

காம்புக்காரர் பறித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ‘கவனம்’ மாதிரி ஒரு உண்மை.

“நான்தான் குடுத்தனான்” என்றேன். “வசந்தியைக் கொண்டுபோக ஒரு படகு வேணும் எண்டு, அதுக்காகக் குடுத்தனான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எதற்கும் தயாராக இருந்தேன். ஏசுவார், அழுவார், எழும்பிப் போவார் என்று நினைத்தேன்.

“அந்தப் பிள்ளை இப்ப என்ன மாதிரி, டொக்டர்?” என்று கேட்டார்.

“காலமை வசந்தி கொண்டுவந்து காட்டினவ. நல்லாயிருக்குது. தவழுது.”

“அது போதும்” என்றார். பிறகு சேட்டைத் தூக்கிக் காட்டி, கன நாளாக நெஞ்சில் இருமல் என்று சொன்னார்.